மழை இரவும் இறுகிய பிரேக்கும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் சாலையோர ஊர்களில் விடிகாலையில் அடிக்கடி நடப்பது இது. திருப்பாச்சூர் போன்ற ஊரில் எல்லா வீட்டிலும் கார் ஷெட் இருப்பதில்லை; வண்டி வாசலிலோ தெருவோரத்திலோ திறந்த வெளியில் நிற்கும். இரவெல்லாம் மழை. காலையில் ஸ்டார்ட் செய்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, கியர் போட்டுக் கிளட்சை விட்டால் வண்டி நகராது. எஞ்சின் திணறும், வண்டியின் பின்பக்கம் சற்று அமுங்கும். பிறகு சக்கரத்தருகே ‘டொக்’கென்று ஒரு சத்தம் கேட்கும், வண்டி விடுபட்டு ஓடும். சில நாள் அந்தச் சத்தமும் வராமல், பின்சக்கரம் சுழலாமலே தரையில் இழுபடும். “பிரேக் பிடிச்சுக்கிச்சு” என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். பழியை மழையின் மேல் போடுபவர்கள் உண்டு, வண்டி செய்த கம்பெனியின் மேல் போடுபவர்களும் உண்டு. ஆனால் உலோகத்துக்கும் அதன் மேல் உரசும் லைனருக்கும் இடையில் இரவில் நடக்கும் வேதியியலைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு பழியும் பாதிதான் பொருந்துகின்றன. பிரேக்கை ஒட்டவைப்பது, நிறுத்தும்போது அதில் தங்கியிருந்த ஈரமும், அந்த ஈரத்தின் மேலேயே நாம் இறுக்கி இழுத்த ஹேண்ட்பிரேக்கும் சேர்ந்த கூட்டு. இந்த இரண்டும் பெரும்பாலும் வண்டியை விட்டு இறங்குவதற்கு முந்தைய சில நிமிடங்களில் தீர்மானமாகிவிடுகின்றன.

முதலில் பொருளைப் பார்க்க வேண்டும். காரின் பிரேக் டிஸ்க்கும் டிரம்மும் சாம்பல் வார்ப்பிரும்பால் ஆனவை. அதில் மூன்று முதல் மூன்றரை சதவீதம் அளவுக்குக் கார்பன் இருக்கும். அதன் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக இரும்புக்குள் படர்ந்து கிடக்கும். இந்தச் செதில்கள் வெப்பத்தை விரைவாகக் கடத்துகின்றன, அதிர்வை விழுங்கிக் கீச்சொலியைக் குறைக்கின்றன. வார்ப்பதும் கடைவதும் எளிது, விலையும் மலிவு. டிஸ்க்கின் நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும் துருத்தடுப்புப் பூச்சு கொடுக்கலாம். டிஸ்க்கைக் கவ்வும் பேட் உரசும் முகத்தில் மட்டும் சாதாரணப் பூச்சு எதையும் நிலையாக வைத்திருக்க முடியாது, முதல் சில பிரேக்கிலேயே தேய்ந்துபோகும். ஆக, காரில் பெயின்ட்டோ எண்ணெயோ இல்லாமல் மழைக்கும் காற்றுக்கும் திறந்து கிடக்கும் வெற்று இரும்பு, அந்தக் காரை நிறுத்திவைக்கும் பாகத்தில்தான் இருக்கிறது. மழையில் ஒரு இரவு நின்ற காரின் டிஸ்க்கில் காலையில் செம்மஞ்சள் படலம் தெரிவது இதனால்தான். அந்த மேல்துரு ஒரு கெடுதலும் செய்வதில்லை. நாலைந்து முறை பிரேக் அடித்தால் பேட் அதைச் சுரண்டி எடுத்துவிடும். “டிஸ்க்கில் துரு பிடிப்பது இயல்பு, கண்டுகொள்ள வேண்டாம்” என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வது அந்த அளவில் சரியே. கண்ணுக்குத் தெரியும் முகத்தைப் பற்றிய பேச்சு அது. பேட் மூடியிருக்கும் இடத்தில் நடப்பது வேறு.

துரு பிடிப்பதற்கு இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். அந்தப் பாடம் விட்டுவிடும் ஒரு நுட்பத்தைக் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் 1920களில் ஒரு துளி உப்புநீரைக் கொண்டு காட்டினார். பளபளப்பான இரும்புத் தகட்டின் மேல் துளியை வைத்தால், ஆக்சிஜன் எளிதில் எட்டும் துளியின் ஓரத்தில் இரும்பு கரைவதில்லை. ஆக்சிஜன் எட்டாத நடுப்பகுதியில்தான் கரைகிறது. நடுவில் இரும்பு அயனியாகப் பிரிந்து எலக்ட்ரான்களை உலோகத்தில் விட்டுவிடுகிறது. அவை ஓரத்துக்கு ஓடி அங்குள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து காரத்தன்மையை உண்டாக்குகின்றன. நடுவிலிருந்து வெளியே வரும் இரும்பயனியும் ஓரத்திலிருந்து உள்ளே வரும் கார அயனியும் சந்திக்கும் இடத்தில் துரு வளையமாகப் படிகிறது. அதாவது, காற்றுபடாமல் மூடிக்கிடக்கும் ஈரமான இடுக்கு, திறந்து கிடக்கும் ஈரத்தைவிட இரும்புக்கு அதிகக் கேடு செய்யக்கூடியது. அரிப்பியலில் இன்றும் அடிப்படையாக நிற்கும் முடிவு இது.

இப்போது அந்தத் துளியின் இடத்தில் பேட்டை வைத்துப் பாருங்கள். பேட் கெட்டியான கல் மாதிரித் தெரிந்தாலும் உள்ளே நுண்துளைகள் நிறைந்தது. அதன் பருமனில் பத்து முதல் இருபது சதவீதம் வெற்றிடமாக இருப்பது வழக்கம். சத்தம் குறையவும் சூட்டில் எழும் வாயு வெளியேறவும் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். மழையில் அந்தத் துளைகள் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. டிஸ்க்கின் திறந்த முகம் காற்றில் காய்ந்த பிறகும் பேட்டுக்கு அடியிலுள்ள ஈரம் மணிக்கணக்கில் காயாது. ஓரத்தில் ஆக்சிஜன், நடுவில் பற்றாக்குறை என்ற எவன்ஸின் ஏற்பாடு அங்கே அப்படியே அமைந்துவிடுகிறது. போதாததற்குப் பேட்டில் கிராஃபைட்டும், பல வகைகளில் எஃகு இழைகளும் இருக்கின்றன. கிராஃபைட் மின்சாரம் கடத்துவது, இரும்பைவிட எளிதில் அரிபடாதது; அது தொட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்திலுள்ள இரும்பு இன்னும் வேகமாகக் கரைகிறது. எஃகு இழையோ தானும் துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடத்தை அடைப்பது. நீரேறிய துருவானால் அதற்கும் மேல். டிஸ்க்கில் முளைத்த துரு பேட்டின் நுண்துளைகளுக்குள் புகுந்து, அங்கிருந்து வரும் துருவோடு பின்னிக்கொண்டு, விடியற்காலையில் சற்றே காய்ந்து கெட்டிப்படும்போது, சுவரில் சாந்து வைத்துப் பதித்த ஓடுபோல இரண்டையும் பிணைத்துவிடுகிறது. நாம் கேட்கும் ‘டொக்’ அந்தப் பிணைப்பு உடையும் சத்தம்.

இதில் ஹேண்ட்பிரேக்கின் பங்கு எவ்வளவு? டிஸ்க்கை அழுத்தும் பேட்டோ டிரம்முக்குள் இருக்கும் ஷூவோ இரும்பை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் உண்மையில் ஒட்டியிருக்கும் புள்ளிகள் மிகக் குறைவு. மற்ற இடமெல்லாம் மெல்லிய இடைவெளி. இறுக்கி அழுத்தும்போது தொடும் பரப்பு கூடுகிறது, இடைவெளி குறுகுகிறது, ஒரு இரவில் வளரும் துருவே அந்த இடைவெளியைக் கடந்து மறுபக்கத்தைப் பற்றிக்கொள்ளப் போதுமானதாகிவிடுகிறது. இதற்குச் சான்று சக்கரங்களிலேயே இருக்கிறது. நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். மழை இரண்டுக்கும் ஒன்றுதான். இன்னும் சொல்லப்போனால் முன்சக்கரத்தின் டிஸ்க்தான் அதிகம் நனைகிறது, அதில்தான் துருவும் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் வண்டியை நகரவிடாமல் பிடிப்பது பெரும்பாலும் பின்சக்கரம். ஹேண்ட்பிரேக் வேலை செய்வது அங்கேதான் என்பதோடு வேறு இரண்டு காரணங்களும் சேர்கின்றன. ஓடும்போது பிரேக் வேலையில் பெரும்பங்கை முன்சக்கரங்கள் செய்வதால் அவை சூடாகிக் காய்கின்றன. பின்சக்கரத்துக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை. டிரம் மூடிய பாத்திரம் என்பதால் உள்ளே புகுந்த ஈரமும் பிரேக் தூளும் எளிதில் வெளியேற வழியில்லை. நெடுந்தூரம் ஓடிவந்து டிரம் சூடாக விரிந்திருக்கும்போது ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்துவிட்டால், அது ஆறிச் சுருங்கும்போது ஷூவை இன்னும் இறுக்கமாகக் கவ்வும். காலையில் ஹேண்ட்பிரேக் நெம்புகோலை இறக்கினாலும், ஷூவைப் பின்னுக்கு இழுக்க உள்ளே இருப்பவை சிறு ஸ்பிரிங்குகள் மட்டுமே. துருவின் பிணைப்பை அறுக்க அவற்றால் ஆகாது.

“முன்சக்கரம்கூடத்தான் சில நாள் ஒட்டுகிறது, அதற்கு ஹேண்ட்பிரேக்கே இல்லையே” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டிஸ்க் பிரேக்கில் காலை எடுத்ததும் பேட்டைத் தள்ளிப்போக வைப்பது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்தான். அது முறுக்கி நிமிரும்போது பிஸ்டன் பின்வாங்கும் தூரம் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவே. அவ்வளவு குறுகிய இடைவெளியில் நீர் தானாகவே ஏறித் தங்கிவிடும். அதில் துருவும் பாலம் கட்டும். ஆனால் அழுத்தம் இல்லாததால் அந்தப் பாலம் பலவீனமானது. பெரும்பாலும் எஞ்சினின் முதல் இழுவையிலேயே உடைந்துவிடும். ஆகவே இந்த எதிர்ச்சான்று வாதத்தை முறிப்பதில்லை: ஈரம் மட்டும் இருந்தால் லேசான ஒட்டு, ஈரத்தோடு அழுத்தமும் சேர்ந்தால் வண்டி நகராத அளவு ஒட்டு. வெயிலடிக்கும் நாளில் வாட்டர் வாஷ் செய்து அப்படியே ஹேண்ட்பிரேக் போட்டு இரண்டு நாள் நிறுத்திய காரும் இதேபோல ஒட்டிக்கொள்வதுண்டு. அங்கே மழையே இல்லை.

மெக்கானிக் சொல்லும் மறுப்பு இன்னும் கனமானது: “இது துரு இல்லை சார், கேபிள் பிடிச்சிருக்கு.” அப்படியும் நடக்கும். ஹேண்ட்பிரேக் கேபிளின் உறை கிழிந்து நீர் புகுந்தால் உள்ளே எஃகுக் கயிறு துருவேறி, நெம்புகோலை இறக்கிய பிறகும் இழுபட்ட நிலையிலேயே நின்றுவிடும். பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பரின் பின்களில் கிரீஸ் வற்றினாலும், பிஸ்டன் துருவேறினாலும் பேட் விலகாது. இரவுத் துருவையும் இந்தக் கோளாறுகளையும் பிரித்தறிய ஒரு சோதனை போதும். ‘டொக்’ சத்தத்துக்குப் பிறகு வண்டி தடையின்றி உருண்டு, சில கிலோமீட்டர் ஓடிய பின்னும் முன்சக்கரங்கள் இரண்டும் தமக்குள்ளும் பின்சக்கரங்கள் இரண்டும் தமக்குள்ளும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருந்தால் அது இரவுத் துருவின் வேலை, ஒர்க்‌ஷாப் தேவையில்லை. விடுபட்ட பிறகும் வண்டி இழுத்துக்கொண்டே ஓடினால், ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால், கருகல் நாற்றம் வந்தால், அது பாகத்தின் கோளாறு. அன்றே காட்ட வேண்டும். சூடான சக்கரத்தைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், அருகே கையைக் கொண்டுபோனாலே தெரிந்துவிடும்.

திருவள்ளூர் மாவட்டத்துக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். டபிள்யூ. எச். ஜே. வெர்னன் 1930களில் இங்கிலாந்தில் செய்த சோதனைகளின்படி, தூய காற்றில் ஈரப்பதம் ஏறினாலும் இரும்பு மெல்லத்தான் துருப்பிடிக்கிறது. அதே காற்றில் சிறிதளவு சல்பர் டை ஆக்சைடு கலந்தால், ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும் இடத்தில் துரு சட்டென்று வேகமெடுக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் விடிகாலையில் இங்கே ஈரப்பதம் அந்த அளவுக்கு வெகு மேலேதான் இருக்கும். மாவட்டத்தின் கிழக்கில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளும் உருட்டாலைகளும், அத்திப்பட்டில் நிலக்கரி எரிக்கும் வடசென்னை அனல்மின் நிலையமும், பழவேற்காட்டிலிருந்து எண்ணூர்வரை கடலின் உப்புக்காற்றும் இருக்கின்றன. உப்பு, ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். நீர்ப்படலத்தின் மின்கடத்தலையும் கூட்டும். ஆகவே மேற்கே உள்ள திருப்பாச்சூரில் ஒரு இரவில் ஏறும் துரு, மீஞ்சூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ நிற்கும் வண்டியில் இன்னும் சீக்கிரம் ஏறுவதற்கு எல்லா ஏதுக்களும் உள்ளன. எண்ணூர்ப் பக்கம் துறைமுக வேலைக்குப் போய்வருபவர்களும் ஆலைப் பணியாளர்களும் இதில் கூடுதல் கவனம் காட்ட வேண்டும்.

அப்படியென்றால் செய்ய வேண்டியது என்ன? இரண்டில் ஒன்றையாவது நீக்க வேண்டும்: ஈரத்தை, அல்லது அழுத்தத்தை. ஈரத்தை நீக்குவது நினைப்பதைவிட எளிது, கணக்குப் போட்டாலே தெரியும். 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 165 கிலோஜூல் ஆற்றல் பிரேக்குகளில் வெப்பமாகிறது. நான்கு சக்கரங்களின் உரசும் முகங்களிலும் சேர்ந்து 20 கிராம் நீர் படிந்திருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதை ஆவியாக்க 50 கிலோஜூல் போதும். வெப்பத்தில் பெரும்பகுதி இரும்பைச் சூடாக்குவதில் போய்விடும், பின்சக்கரத்துக்குக் குறைந்த பங்குதான் போகும் என்பதால் ஒரு பிரேக்கில் காரியம் முடியாது. ஆனால் வீட்டை நெருங்கும் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரில், பின்னால் வண்டி வராத இடத்தில், நான்கைந்து முறை மிதமாகவும் கொஞ்சம் நீடித்தும் பிரேக்கை மிதித்தால் டிஸ்க்கும் பேட்டின் மேல்முகமும் கணிசமாகக் காய்ந்துவிடும். தெருமுனைத் தேங்கல் நீரில் வண்டியை விட்டு வந்திருந்தால் இது கட்டாயம். வீட்டு வாசலிலேயே கழுவியிருந்தால், ஒரு சுற்றுப் போய்வந்து நிறுத்துங்கள். இங்கே ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் நடந்ததுபோல, வண்டி சக்கர அச்சு அளவுக்கு வெள்ளத்தில் நின்றிருந்தால் இந்த வழி உதவாது. டிரம்முக்குள் சேறு புகுந்திருக்கும், கழற்றிச் சுத்தம் செய்யத்தான் வேண்டும்.

அழுத்தத்தை நீக்குவதில்தான் மறுப்பு வலுவாக எழும். ஹேண்ட்பிரேக் போடாமல் வண்டியை நிறுத்துவது ஆபத்து என்று டிரைவிங் பள்ளியிலிருந்தே சொல்லித்தருகிறார்கள். சரியான பாடம். சரிவில் நிறுத்தும்போது அதை மீறவே கூடாது. திருத்தணி மலைப்பாதையிலோ மேம்பாலத்து ஏற்றத்திலோ சிறுவர்கள் விளையாடும் தெருச் சரிவிலோ, காலையில் பிரேக் ஒட்டினாலும் பரவாயில்லை, ஹேண்ட்பிரேக் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் கார்களின் ஹேண்ட்பிரேக், நூறு மீட்டருக்கு இருபது மீட்டர் ஏறும் சரிவில் முழுப் பாரத்தோடு வண்டியைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுவது. மேசைபோலச் சமமான தரையில் அதன் முழு இறுக்கமும் தேவையே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் முதல் கியரிலோ ரிவர்ஸிலோ போட்டு, ஒரு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ கொடுத்துவிட்டால், எஞ்சினின் இறுக்கமும் கட்டையும் சேர்ந்து வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் ‘பார்க்’ நிலையும் கட்டையும். காலையில் மறக்காமல் கட்டையை எடுக்க வேண்டும், கிளட்சை மிதித்துத்தான் சாவியைத் திருக வேண்டும். வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும். பட்டனை அழுத்தி இயக்கும் எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் சில வண்டிகளில் எஞ்சினை அணைத்ததும் தானாகவே பிடித்துக்கொள்ளும். அதை நிறுத்திவைக்க வழி உண்டா என்பதை வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒட்டிக்கொண்ட பிறகு எப்படி விடுவிப்பது என்பதில் நிறையப் பேர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து வண்டியைப் பிய்த்து எடுப்பது மோசமான வழி. துருவின் பிணைப்பு, லைனரை ஷூவோடு ஒட்டியிருக்கும் பசையைவிட வலுவாக இருந்துவிட்டால், உடைவது துருவாக இருக்காது. லைனர் ஷூவிலிருந்து பிய்ந்து டிரம்முக்குள் தனியாகக் கிடக்கும். பழைய, ஓரங்களில் துருவேறிய ஷூக்களில் இது நடக்கக்கூடியது. அப்புறம் அந்தச் சக்கரத்தில் பிரேக் சரியாகவும் பிடிக்காது, விடவும் விடாது. ஹேண்ட்பிரேக்கை இரண்டு மூன்று முறை இழுத்து இறக்கிவிட்டு, ரிவர்ஸ் கியரில் மெதுவாகக் கிளட்சை விட்டுப் பாருங்கள். டிரம் பிரேக்கில் முன்னோக்கிச் சுழலும்போது ஒரு ஷூ தன்னைத்தானே டிரம்முக்குள் ஆப்புபோல இறுக்கிக்கொள்ளும். பின்னோக்கிச் சுழற்றினால் அந்த ஷூ தளரும். மெக்கானிக்குகள் “ரிவர்ஸ் போட்டு எடுங்க” என்று சொல்வதற்குப் பின்னால் உள்ள இயற்பியல் இதுதான். முன்னும் பின்னும் சில முறை மெல்ல அசைத்தும் விடவில்லை என்றால், சக்கரத்தைக் கழற்றி டிரம்மின் விளிம்பில் தட்டி விடுவிக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. விடுபட்ட பிறகு மிதியில் துடிப்பு தெரிகிறதா என்று கவனியுங்கள். பேட் மூடியிருந்த பகுதியில் துரு அரித்த தழும்பு தங்கி, டிஸ்க்கின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரின் நூறில் இரண்டு பங்கு மாறினாலே கால் அதை உணரும்.

இத்தனை தொல்லைக்குத் துருப்பிடிக்காத எஃகிலேயே டிஸ்க் செய்துவிடலாமே? மோட்டார் சைக்கிள்களில் அப்படித்தான் செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் பாகம், எடை குறைந்த வண்டி, அங்கே அது பொருந்துகிறது. காரின் கணக்கு வேறு. துருப்பிடிக்காத எஃகின் வெப்பக் கடத்தல் சாம்பல் வார்ப்பிரும்பினுடையதில் ஏறத்தாழ பாதிதான். ஆயிரத்துச் சொச்சம் கிலோவை மலை இறக்கத்தில் திரும்பத் திரும்ப நிறுத்தும்போது முகத்தில் எழும் சூடு உள்ளே பரவாமல் அங்கேயே குவியும்; பிடிப்பு குறையும், டிஸ்க் கோணும். சாலையில் உயிரைக் காப்பது அந்தப் பிடிப்புத்தான், அதை விட்டுக்கொடுத்து அழகான டிஸ்க் வாங்குவது சரியில்லை. இரும்பின் மேல்முகத்தில் நைட்ரஜனை ஏற்றிக் கடினப்படுத்துவது, டங்ஸ்டன் கார்பைடு பூசுவது போன்ற வழிகள் வந்திருக்கின்றன. விலை இறங்கும்வரை டங்ஸ்டன் கார்பைடு போன்றவை சிறிய காருக்கு எட்டாது. நாட்டின் பிரேக் தொழிலில் முக்கியமான சில நிறுவனங்கள் வளர்ந்தது திருவள்ளூர்ச் சாலையின் மறுமுனையில்தான். சென்னையிலிருந்து திருவள்ளூருக்கு வரும் சி.டி.எச். ரோடு புறப்படும் பாடியில் 1962இல் பிரேக்ஸ் இந்தியாவும், கனரக வண்டிகளுக்கான ஏர் பிரேக்குக்காக சுந்தரம் கிளேட்டனும் தொடங்கப்பட்டன. லைனருக்கென்றே தனி நிறுவனங்களும் சென்னையில் எழுந்தன. லைனர் கலவையைத் தீர்மானிப்பவர்கள் இங்கேயே இருக்கும்போது, பருவமழை இரவைத் தாங்கும் லைனரை அவர்களிடம் கேட்பது மிகையான ஆசை ஆகாது. அதுவரை, வார்ப்பிரும்பின் குணத்தை அறிந்து நடப்பதே நமக்குள்ள வழி.

லாரிகளுக்கு இந்த வழிகூடக் குறுகலானது. ஏர் பிரேக் உள்ள வண்டியில் காற்றழுத்தம் இறங்கினால் கனத்த ஸ்பிரிங் ஷூவைத் தள்ளி டிரம்மை இறுக்கப் பிடித்துக்கொள்ளும். பாதுகாப்புக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள், அதை யாரும் தவிர்க்க முயலக் கூடாது. சிப்காட் ஓரத்தில் சரக்குக்காக இரண்டு மூன்று நாள் மழையில் காத்துக்கிடக்கும் வண்டியில் ஷூ ஒட்டுவது அதனால்தான் அதிகம். அங்கே கையில் இருப்பவை இரண்டே: நிறுத்துமுன் பிரேக்கைக் காயவைப்பது, அமுக்கிய காற்றிலிருந்து பிரிந்து ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுவது. டேங்கில் தங்கும் தண்ணீர் வால்வுகளையும் துருவேற்றி, ஷூ விடுபடாமல் போவதற்கு இன்னொரு காரணமாகிறது.

மின்சாரக் கார்கள் பெருகும்போது இந்தப் பிரச்சினை குறையாது, கூடும். அவற்றில் வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை மோட்டாரே மின்னாக்கியாக மாறிச் செய்துவிடுகிறது; பிரேக் உரசுவதே அரிதாகி, துருவைச் சுரண்டி எடுக்க ஆளில்லாமல் போகிறது. ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3, ஐடி.4 மின்கார்களின் பின்சக்கரத்துக்கு மீண்டும் டிரம் பிரேக்கையே தேர்ந்ததற்கு, வேலையில்லாமல் திறந்து கிடக்கும் டிஸ்க் துருவேறும் என்பது ஒரு காரணம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் வாரம் ஓரிரு முறையாவது, வெற்றுச் சாலையில், மோட்டாரின் மீட்புப் பிரேக்கைக் குறைத்து வைத்துவிட்டு மிதியை நன்றாக அழுத்தி நிறுத்திப் பாருங்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன் எந்தக் காராக இருந்தாலும் ஹேண்ட்பிரேக் கேபிளின் உறையையும் காலிப்பர் பின்களின் கிரீஸையும் ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லுங்கள். வழக்கமான சர்வீஸோடு முடிந்துவிடும் வேலை அது.